எல்லோருக்கும் போட்ட பூட்டு

கீழ்வீட்டில் நான், மாடியில் தம்பி. பட்டுச் சேலைக்கு டிசைன் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பதுதான் இருவருக்கும் தொழில். வரைந்ததெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். நான் கீழேயிருந்து வைஃபை வழியாகத் திறந்துகொள்வேன்.

அன்று காலை திறந்தால், எனக்கு அனுமதி இல்லையாம். பூட்டியவன் தம்பிதான், வேறு யார்? எங்கள் அன்னப்பட்சி பார்டர் வேறொரு கடைச் சேலையில் வந்ததிலிருந்தே அவன் என்னைப் பார்க்கும் பார்வை சரியில்லை. விறுவிறுவென்று மாடி ஏறினேன்.

"இன்னாடா, எனக்கே பூட்டு போடறியா?"

"எனக்கே தொறக்கலண்ணா. நீதான் கீழ இருந்துக்கினு ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

நடிக்கிறான் என்றே நினைத்தேன். அவனை நகரச் சொல்லி அந்த ஃபோல்டரின் அனுமதிப் பக்கத்தைத் திறந்தேன். எல்லோருக்கும் தடை என்று டிக் போட்டிருந்தது.

"அத்த நான்தான் போட்டேன். எதிர்வீட்டுக்காரன் நம்ம வைஃபைலதான வரான், அவனுக்காக."

எல்லோரில் தானும் அடக்கம் என்பது அந்த மடையனுக்குத் தோன்றவேயில்லை. டிக்கை எடுத்துவிட்டு எங்கள் இருவருக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஃபோல்டர் திறந்தது. இருவரும் சிரித்தோம், டீ குடித்தோம்.

கீழே வந்ததும் முதல் வேலையாக எல்லா டிசைனையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். பிறகு, மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியை எடுக்க மாடிக்குப் போனேன். அவன் கம்ப்யூட்டரிலும் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது.