பையைப் பிடித்த கை

ரயில் முழுதாக நிற்குமுன் குதித்து இறங்குவது என் பழக்கம். அன்று கொழும்பு வெள்ளவத்தை நிலையத்தில் காலைத் தூக்கியபோது, பின்னாலிருந்து ஒரு கை என் பையின் வாரைப் பிடித்தது.

"பொறுங்கோ. இன்னும் நிக்கேல்ல."

ரயில் கடைசியாக ஒருமுறை குலுங்கி நின்றது. "இப்ப போங்கோ" என்ற பிறகே அந்தக் கை விட்டது.

எரிச்சலோடு திரும்பினேன். குட்டையான, நரைத்த மனிதர். கழுத்தில் சிறிய சிலுவை.

"குறை நினைக்காதேங்கோ தம்பி, கை பழகிப்போச்சு" என்று வெட்கப்பட்டார்.

பேச்சுக் கொடுத்தேன். கொட்டாஞ்சேனைக்காரர், விடுமுறையில் வந்திருந்தார். ஐரோப்பாவில், கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பவர்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றிவிடுவது அவர் வேலை. கப்டன் எஞ்சினை முறுக்கி, படகின் மூக்கைக் காற்றாலையின் கம்பத்தோடு அழுத்திப் பிடிப்பார். இவர் முன்னால் நின்று, ஏறப்போகிறவரின் பாதுகாப்புப் பட்டியைப் பிடித்தபடி மூன்று அலை பார்ப்பார். மூன்றுக்கும் படகின் மூக்கு வழுக்காவிட்டால்தான் கம்பத்து ஏணியில் கால் வைக்கலாம்.

"படகு வழுக்கினால்?"

"எல்லாரும் திரும்பித்தான் போகோணும். ஒருத்தன் நான் சொல்ல முதல் காலை வச்சிட்டான். இழுத்துப் போட்டன். அவன்ர கால் இருந்த இடத்தில படகு ஏறி இடிச்சு, ஏணியே வளைஞ்சு போச்சு."

"அவன் என்ன சொன்னான்?"

"முதல்ல உங்களை மாதிரித்தான், கோவமாப் பாத்தான்."

சிரித்துவிட்டுக் காலி வீதிப் பக்கம் நடந்துவிட்டார். நான் தண்டவாளத்துக்கு அப்பால் கடலைப் பார்த்து நின்றேன். மூன்று அலை எண்ணுவதற்குள் கண் தடுமாறியது.

இப்போதும் ரயில் வேகம் குறையும்போது அந்தக் கை என் பையின் வாரில் இருக்கிறது. அது விடும்வரை நான் இறங்குவதில்லை.