ஐந்து கீலமாகச் சரஸ்வதி

மூன்று வருடமாக நான் பல்கலைக்கழகத்தில் ஒரு பசையைக் காயவைக்க முயன்றுகொண்டிருந்தேன். ஆய்வேட்டில் அதற்கு நீளமான பெயர் உண்டு: நொதியத்தைக் கொண்டு ஒரு பல்பகுதியத்தைச் செய்து, அதை ஒளியில் இறுகவைத்து மெல்லிய படலமாக்குவது. கொடிகாமத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, "பிள்ளை கம்பசிலை பசை காய்ச்சுது" என்றுதான் சொல்வார். முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், என் ஆய்வைச் சரியாகச் சொன்னது அம்மா மட்டும்தான்.

வேலை இதுதான். ஓர் அமிலத்தையும் ஒரு மதுசாரத்தையும் குடுவையில் சேர்த்து, சவ்வரிசி மாதிரி இருக்கும் வெள்ளை மணிகளைப் போடுவேன். நொதியம் அந்த மணிகளில்தான் ஏறியிருக்கும். பழைய முறையில் செய்தால் கடுஞ்சூடும் உலோக உப்பும் வேண்டும்; அந்தச் சூட்டிலேயே பாதி இறுகிப் பாழாய்ப் போகும். நொதியத்துக்குத் தேநீர்ச் சூடு போதும். அவசரப்படாமல் ஒன்றோடொன்றைக் கோத்துக்கொண்டே போகும். இரண்டு நாளில் தேன் மாதிரி ஒரு பாகு கிடைக்கும். வெளிச்சம் பட்டால் உசாராகிற ஒரு பொடியை அதில் கலந்து, கண்ணாடித் தட்டில் பூசி, கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளி விளக்கின் கீழ் வைத்தால் சில நிமிடங்களில் காய்ந்த படலம் வரவேண்டும்.

வரவில்லை. அடி இறுகும், மேல் ஒட்டும். பறந்து வந்த இலையான் ஒட்டியது, என் தலைமயிர் ஒட்டியது, ஒருமுறை பேராசிரியரின் சேலைத் தலைப்பும் ஒட்டியது. காரணம் எனக்குத் தெரியும். காற்றிலுள்ள ஒட்சிசன் மேற்பரப்பை இறுகவிடாது. நைதரசன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்துச் செய்யவேண்டும். நைதரசன் உருளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் காத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பிழை என்னில் இல்லை, உருளையில்.

அந்தப் புரட்டாதியில் என் நிலைமை இப்படி: இரண்டு முறை கால நீடிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று கடிதமும் வந்துவிட்டது. மாத முடிவுக்குள் ஒட்டாத ஒரு படலத்தைச் செய்து, அதை ஐந்து கீலமாக, ஒடுங்கிய நீளத் துண்டுகளாக, வெட்டி, எவ்வளவு இழுத்தால் அறும் என்று அளந்து கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டம் இல்லை. மணிகளோ திரும்பத் திரும்பப் பாவித்ததில் செத்துப்போயின. கடைசிப் பாகு, பொடியும் கலந்தபடி, ஒரு சின்னப் போத்தலில், வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, அலுமாரிக்குள் இருந்தது.

சரஸ்வதி பூசையன்று காலை நான் போனபோது எல்லாம் ஆயத்தமாகியிருந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் அன்றைக்குக் கருவிகளைத் துடைத்து, பொட்டு வைத்து, அம்பாள் படத்துக்கு முன் அடுக்குவார்கள். அதற்குப் பிறகு விஜயதசமிவரை ஒருவரும் தொடக்கூடாது. இதெல்லாம் எங்கள் ஆய்வுகூட உதவியாளர் அண்ணையின் ஆட்சி. பேராசிரியரே அதில் தலையிடுவதில்லை. தராசு, நுணுக்குக்காட்டி, விளக்கு எல்லாம் யன்னலோரம் வரிசையாக நின்றன. நடுவில் என் போத்தல். தாள் இல்லாமல், முழு வெயிலில், குங்குமப் பொட்டோடு.

"அண்ணை, உதைச் சுத்தியிருந்த தாள் எங்கை?"

"கழட்டிப்போட்டன் பிள்ளை. அம்பாளுக்கு முன்னாலை முக்காடு போட்டே வைக்கிறது? மரியாதை இல்லை."

அதற்குள் ஐயர் மணியைத் தூக்கிவிட்டார். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எட்டி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. விஞ்ஞானம் படித்த நான் கைகூப்பியபடி நின்று, என் மூன்று வருடம் கண்முன்னே இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மெல்ல நகர்ந்து, என் நிழல் போத்தலில் விழுகிற மாதிரி நின்றேன். வெயில் நகர நானும் நகர்ந்தேன்.

"பிள்ளை, அம்பாளை மறைக்கிறீர்," என்றார் அண்ணை பின்னாலிருந்து.

விலகினேன். திரும்பப் போய் நின்றேன். என் பக்தியைக் கண்ட ஐயர் எனக்கு மட்டும் இரண்டு தரம் தீபம் காட்டினார்.

கடலை கொடுக்கும்போது அண்ணையிடம் கெஞ்சினேன். "அந்தப் போத்தலை மட்டும் கொண்டு போறன் அண்ணை."

"பூசையிலை வைச்சதை இடையிலை எடுத்தால் படிப்புப் போகும்."

"எடுக்காட்டித்தான் அண்ணை போகும்."

அவர் சிரித்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

விஜயதசமியன்று திறந்தபோது போத்தலுக்குள் பாகு கல்லாகியிருந்தது. கவிழ்த்தேன், தட்டினேன், அசையவில்லை. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அண்ணையைத் திட்ட வாயெடுத்தபோதுதான் போத்தலில் பாதிதான் இருப்பதைக் கண்டேன்.

"மிச்சம் எங்கை?"

"அண்டைக்குப் பூசைக்கு முன்னமே படத்துக்குப் பூசினனான்," என்றார், அது நாளாந்த வேலை என்ற மாதிரி. "கலண்டர்ப் படம், தூசு பிடிக்கும். ஒரு கண்ணாடித் துண்டு கிடந்தது. உம்மடை பசையைத் தடவி, மேலை கண்ணாடியை அமத்தி வைச்சனான். நீர்தானே சொன்னீர், உது எல்லாத்திலையும் ஒட்டும் எண்டு."

படத்தை இறக்கி, கண்ணாடியின் ஒரு மூலையில் பிளேடை விட்டேன். கண்ணாடி கழன்று, அடியில் ஒரு படலம் முழுதாக உரிந்து வந்தது. தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. கண்ணாடி காற்றை அண்டவிடாமல் மூடிவிட்டிருக்கிறது. மேலே ஒரு கண்ணாடியை வைத்தால் போதும் என்பது, நைதரசனுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்த எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

ஒரேயொரு சிக்கல். படலம் கலண்டரின் மையையும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. தாள் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. தாமரை, அன்னம், வீணை என்று சகல பரிவாரத்தோடும் சரஸ்வதி என் படலத்துக்கு இடம் மாறியிருந்தார். அவரைத்தான் ஐந்து கீலமாக வெட்டி, அறும்வரை இழுக்கவேண்டும்.

பேராசிரியர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். "இது உம்மடை ஆய்வு. நீர்தான் தீர்மானிக்கவேணும்," என்று சொல்லிவிட்டு அவசரமாக ஒரு கூட்டத்துக்குப் போனார். அன்று கூட்டம் ஒன்றும் இருக்கவில்லை.

ஓரங்களில் தொடங்கினேன். ஆகாயத்தில் ஒன்று, தண்ணீரில் ஒன்று, பாறையில் ஒன்று, அன்னத்தின் பின்பக்கத்தில் ஒன்று. ஐந்தாவதை எப்படி அளந்தாலும் வீணையும் விரல்களும் வந்து நின்றன. நான் பெரிய பக்தை இல்லை. என்றாலும் பட்டம் கேட்கிற நேரத்தில் அவருடைய கையையே வெட்டுவது புத்தியாகப் படவில்லை.

அண்ணைதான் பிளேடை வாங்கினார். செருப்பைக் கழற்றினார். கரைப்பான் போத்தல்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கற்பூரம் கொளுத்தினார். "குறை நினையாதையணை அம்மாளாச்சி, பிள்ளையின்ரை படிப்புக்குத்தான்," என்று சொல்லியபடி நேர்கோடு பிடிக்க அடிமட்டத்தை வைத்து வெட்டினார். நான் வெட்டிய நாலையும் விட அது நேராக இருந்தது.

இழுத்து அளக்கும் இயந்திரத்தில் நாலு கீலங்கள் ஒழுங்காக அறுந்தன. ஐந்தாவது அறவில்லை, இயந்திரத்தின் பிடியிலிருந்து வழுக்கிக் கழன்றது. இன்னொரு தரம் பூட்டி இழுத்தேன், அப்போதும் அப்படித்தான். 'பிடி வழுக்கியது' என்று அடிக்குறிப்பு எழுதினேன். அண்ணையிடம் வேறு விளக்கம் இருந்தது. நான் கேட்கவில்லை.

சாமிப்படத் துண்டுகளைக் குப்பையில் போடமுடியாது. அண்ணை அவற்றை ஒரு பையில் போட்டு, கீரிமலைக் கடலில் விடுவதற்குப் புறப்பட்டார். வாசலில் நின்று கேட்டார்.

"இது கரையுமோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. நொதியத்தாலை செய்தது, இயற்கையிலை தானாய் அழிஞ்சுபோகும். ஆய்வேட்டிலை முதல் பக்கத்திலையே எழுதியிருக்கிறன்."

"எழுதினதைக் கேக்கேல்லை. கரையுமோ?"

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. இந்த வகை ஆய்வேடுகளின் முதல் பக்கத்தில் எல்லோரும் எழுதுகிற வசனம் அது, நானும் எழுதினேன். வெளிச்சத்தில் ஒன்றோடொன்று பின்னி இறுகியது அவ்வளவு லேசில் பிரியாது என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது.

"தெரியாது அண்ணை," என்றேன்.

அவர் கீரிமலைக்குப் போய், துண்டுகளோடும் ஒரு போத்தல் கடல்தண்ணீரோடும் திரும்பி வந்தார். "உதுக்குள்ளை கிடக்கட்டும். கரைஞ்சாப் பிறகு கொண்டுபோய் ஊத்துவம்," என்று எல்லாவற்றையும் போத்தலுக்குள் போட்டு யன்னலில் வைத்தார்.

பரீட்சகர்கள் இழுவலிமையைப் பற்றிக் கேட்டார்கள். அடிக்குறிப்பைப் பற்றிக் கேட்டார்கள். மாதிரியின் ஒளிப்படத்தில் அன்னத்தின் வால் எதற்கு என்றும் கேட்டார்கள். முதல் பக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பட்டம் தந்தார்கள். அந்த வசனத்தை நான் வெட்டவில்லை. இப்போது அதே ஆய்வுகூடத்தில் படிப்பிக்கிறேன். மாணவர்களின் முதல் பக்கங்களில் அதே வசனம் வரும்போது சிவப்புப் பேனையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன்.

இரண்டு சரஸ்வதி பூசை போய்விட்டது. இரண்டுக்கும் அண்ணை அந்தப் போத்தலைத் துடைத்து, பொட்டு வைத்து, புதுப் படத்துக்கு முன்னால் வைத்தார். தீபம் காட்டும்போது குனிந்து பார்த்தேன். ஆகாயம் கரையவில்லை. தண்ணீரும் கரையவில்லை. ஐந்தாவது கீலத்தில் விரல்கள் இன்னும் வீணையை விடவில்லை.