பீடை பிடித்த ஓதிலியாவும் அவள் கோழியும்

முசோ மலைச் சுரங்கத்தின் கழிவு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது மினேரோ ஆற்றில்தான். அந்தக் கறுப்புச் சேற்றில் முழங்கால் புதைய நின்று மரகதம் தேடுகிறவர்களில் ஓதிலியாவைப் போல் உழைத்தவரும் இல்லை, அவளைப் போல் வெறுங்கையோடு வீடு போனவரும் இல்லை. அவள் வாழ்நாளில் கிடைத்ததெல்லாம் கடுகளவு பச்சைத் தூள்.

மரகதத்தை யாரும் தேடி எடுக்க முடியாது, தனக்குப் பிடித்தவருக்கு அதுவே முகம் காட்டும் என்று ஆற்றங்கரையில் எல்லோரும் நம்பினார்கள். பாதிரியாரும் நம்பினார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மறுத்தார். ஓதிலியாவுக்கு அந்தக் கல்லின் மேல் பெரிய மரியாதை கிடையாது. அதற்காக ஸ்பானியர்கள் கடல் தாண்டி வந்து இங்கிருந்த முசோ குடிகளைக் கொன்று தீர்த்தார்கள். அப்போதும் அது அரசர் மகுடத்திலும் பேராயர் மோதிரத்திலும் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. அப்படிப்பட்ட கல் தனக்கு முகம் காட்டவில்லை என்றால் கோளாறு அதன் கண்ணில்தான் என்பாள். அந்தக் கல் கண்ணாடியைக் கீறும், ஆனால் ஓர் அடி பட்டால் கண்ணாடி போலவே நொறுங்கும். விரிசல் இல்லாத மரகதம் அபூர்வம். வியாபாரிகள் அந்த விரிசலுக்குத் 'தோட்டம்' என்று பெயர் வைத்து விற்றார்கள். தன் மண்வெட்டிப் பிடியில்கூட நல்ல தோட்டம் இருக்கிறது, யாரும் வாங்கத்தான் வரவில்லை என்பாள்.

ஆற்றில் சேர்ந்து கல் தேடும் கூட்டத்தின் தலைவன் அரிஸ்தோபுலோவுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. ஓதிலியாவின் குழி மேலே இருந்தது, மற்றவர்களுடையது கீழே. அவள் பீடை தண்ணீரோடு இறங்கி எல்லோர் குழியிலும் கலக்கிறது என்று கண்டுபிடித்தான். "சனிக்கிழமையோட ஆத்து வளைவுக்கு மேல போயிருங்கக்கா" என்றான். பீடைக்கு வளைவில் திரும்பத் தெரியாதாம். வளைவுக்கு மேலே சுரங்க மண்ணே வராது. அங்கே போய்க் கிளறுவதும் வீட்டு முற்றத்தைக் கிளறுவதும் ஒன்றுதான். ஓதிலியாவுக்கு ஆற்றை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

கூட்டத்தை விட்டுப் போகிறவர் கூட்டத்துக்கு விருந்து வைக்க வேண்டும். துரத்தப்படுகிறவருக்கும் இது உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார்கள்.

வீட்டில் இருந்தது ஒரே கோழி. போலீஸ்காரனைக்கூடக் கொத்தும் என்பதால் அதற்குக் கர்னல் என்று பெயர். நாளெல்லாம் சுரங்க மண்ணைச் சீய்த்து, தீனி அரைக்கக் கல் விழுங்கும். அதனால் அந்த ஊரில் கோழியை விற்றாலும் இரைப்பையைத் தரமாட்டார்கள். அறுத்தவுடன் கிழித்துப் பார்ப்பார்கள். ஓதிலியா வேண்டுமென்றே கிழிக்கவில்லை. இரைப்பை என்றால் அரிஸ்தோபுலோவுக்கு உயிர். மண்ணோடு மென்று தொலையட்டும் என்று மரவள்ளி, வாழைக்காயோடு அப்படியே சட்டியில் போட்டாள்.

அவன் ஆசையாகக் கடித்தான். படீரென்று சத்தம். உள்ளங்கையில் துப்பினான். பாதிப் பல், கொஞ்சம் மணல், அதோடு சோளமணி அளவில் ஒரு பச்சைக் கல்.

சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தவன் அரிஸ்தோபுலோ. போகாமல் இருப்பதற்காகக் கடைக்கல்லை வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று கத்தினான். பக்கத்துக் குழி நியெவெஸ் கல்லைப் பிடுங்கி வெயிலில் காட்டிப் பார்த்தாள். கடைக்கல் என்றால் விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், கொதியில் எண்ணெய் வெளியேறி விரிசலெல்லாம் பல்லை இளிக்கும், இது மண்ணில் கிடந்த கல்தான் என்றாள்.

அரிஸ்தோபுலோ உடனே பேச்சை மாற்றினான். "அப்போ எனக்குத்தான் முகம் காட்டியிருக்கு. என் வாயில இருந்துதானே வந்துச்சு?"

"முகம் காட்ட அதுக்கு வேற இடமே கிடைக்கலையாக்கும்" என்றாள் ஓதிலியா. பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "சரி தம்பி, உனக்குன்னே வெச்சுக்குவோம். பீடை பிடிச்சவ சட்டியில தின்னு வந்த கல்லு. பீடையும் சேர்ந்துதான் உள்ள போயிருக்கும். நீ வளைவுக்கு மேல போ. இல்ல, கல்லு என் கோழியோடதுன்னா எனக்குப் பீடையே இல்ல. நான் இங்கதான் இருப்பேன். எது?"

உடைந்த பல்லை நாக்கால் தடவியபடி அவன் யோசித்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்லத் தள்ளி உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டான்.

"கோழியோடதுதான்க்கா" என்று முணுமுணுத்தான்.

"கடைசியில உக்காந்திருக்கவங்களுக்குக் கேக்கல."

இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னான். பொதுச் சட்டியில் வந்த கல் என்பதால் வழக்கப்படி அதை விற்றுக் காசை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓதிலியா தன் இடம் தனக்கு என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மண்வெட்டியோடு வந்து பார்த்தால், அவள் குழியைச் சுற்றி மொத்தக் கூட்டமும் நின்றது. அதிர்ஷ்டம் அங்கேதான் இறங்குகிறதாம். ஆளுக்கொரு கோழி கக்கத்தில். அரிஸ்தோபுலோ இரண்டு வைத்திருந்தான். காலை ஊன்ற இடமில்லாமல் ஓதிலியா அத்தனை பேரையும் வளைவுக்கு மேலே போகச் சொல்லி வைதாள். ஒருவரும் நகரவில்லை. கோழிகளை மட்டும் கீழே இறக்கிவிட்டார்கள்.