குவான் சாமியின் முகத்தில் ஈயம்

சீனாவின் துங்குவான் நகரில், எங்கள் சார்ஜர் கம்பெனியில் லியான்ஜு அக்கா வந்தால் எல்லோரும் டீக்குவளையை ஒளித்து வைப்போம். பொருளில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் துப்பாக்கி மாதிரியான கருவி அவளிடம்தான் இருந்தது. கையும் சும்மா இருக்காது. எனக்குக் கல்யாணப் பரிசாக வந்த பூப்போட்ட கிண்ணத்தில் அதை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல மாமியாருக்கு மட்டும் சோறு போடு" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

போன வசந்தத்தில் ஐரோப்பாவுக்குப் போகவேண்டிய ஒயர் மாதிரிகளில் ஈயம் காட்டியது. ஈயம் இருந்தால் அங்கே சரக்கை உள்ளே விடமாட்டார்கள். அக்கா ஒயர் விற்றவனைப் போனில் பிடித்து, அவனுடைய பதினெட்டுத் தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அவன் புது ஒயர் அனுப்பினான். அதிலும் ஈயம். அவனோ முதலாளி மோவின் மச்சான்.

"துப்பாக்கி கெட்டுப்போச்சா, இல்ல உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நாளைக்கும் இப்படியே வந்துச்சுன்னா வேலைய விட்டு நின்னுக்க" என்று முதலாளி கத்தினார்.

அக்கா பயந்துதான் போனாள். மகன் காலேஜில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஒயர் மாதிரிகள் வந்த தட்டில் ஊதுபத்தி வாசனை அடித்தது. நான்தான் போட்டுக் கொடுத்தேன்: "முதலாளி தட்டைக் குவான் சாமி காலடியில வச்சுக் கும்பிட்டுட்டுத்தான்க்கா உனக்கு அனுப்புறாரு."

சாமி, புத்தாண்டுக்கு முதலாளி தன் அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மரச்சிலை. அக்கா துப்பாக்கியோடு அதன் முன்னால் போய் நின்றாள்.

"அடிப்பாவி, சாமி மேலயேவா நீட்டுற?" என்று முதலாளி ஓடிவந்தார்.

அவள் மூன்று ஊதுபத்தி கொளுத்தினாள். "மன்னிச்சுக்கங்க சாமி, வயித்துப்பொழப்பு" என்று சொல்லி, துப்பாக்கியை அந்தச் சிவந்த முகத்தில் வைத்து அழுத்தினாள். ஈயம் எக்கச்சக்கம். பெயின்ட் உதிர்ந்து, காலடியில் தட்டு வைக்கும் இடமெல்லாம் சிவப்புத் தூள். அதுதான் ஒயரில் ஒட்டியிருந்தது.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வாங்குறவங்களுக்கு ஒயர்லதான் தப்புன்னு எழுதிடும்மா. மச்சானை நான் பாத்துக்கிறேன்."

"வாக்குத் தவறாத சாமின்னுதானே இவரை வச்சிருக்கீங்க? இவரு காதுபடவே பொய் சொல்லச் சொல்றீங்களே!"

முதலாளி சாமியை ஓரக்கண்ணால் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"சரி, உள்ளதையே எழுது. நாளைக்கும் வேலைக்கு வந்து தொலை. ஆனா சாமி பேரு அதுல வரக்கூடாது."

அக்கா அப்படியே செய்தாள். அறிக்கையில் ஈயம் வந்த காரணம் என்ற இடத்தில் 'முதலாளியின் பக்தி' என்று எழுதி நீட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினார்.