ஹம்மே ஆற்றில் பாய் விரித்த சிவமலர்

ஜெர்மனியின் வடக்கே, பிரேமன் நகருக்குச் சற்று மேலே, சதுப்பு நிலத்தின் ஊடே ஹம்மே என்றொரு ஆறு போகிறது. அவசரமே இல்லாத ஆறு. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீயின் நிறம். இரு கரையிலும் நாணல், அப்பால் மாடுகள் மேயும் ஈரப் புல்வெளி, மிச்சமெல்லாம் வானம்.

கரையோர உணவகத்தின் சமையலறையில் பல வருடமாக வேலை செய்தவர், இலங்கையிலிருந்து வந்த சிவமலர். ஜன்னலைத் திறந்தால் ஆறுதான். ஆனாலும் நீந்தத் தெரியாததால் படகில் கால் வைத்ததேயில்லை.

ஒரு கோடையில் மியூனிக்கிலிருந்து ஹரிப்ரியா என்ற தமிழ்ப் பெண் தன் குடும்பத்தோடு படகுச் சவாரிக்கு வந்தாள். படகோட்டி ஹைக்கோவுக்கு ஆங்கிலம் வராது. அவருடைய வட்டார ஜெர்மன் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, சிவமலரை மொழிபெயர்க்க வரச் சொன்னார். மறுத்துப் பார்த்தும் பயனில்லை. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

தட்டையான மரப்படகு, பழுப்புப் பாய். சதுப்பில் வெட்டிய கருஞ்சேற்றைக் காயவைத்து, அடுப்பெரிக்க இப்படிப்பட்ட படகுகளில்தான் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று ஹைக்கோ சொல்ல, சிவமலர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். வளைவில் காற்று திடீரென்று தூக்கியது. படகு நாணலுக்குள் மூக்கை நுழைத்தது.

"அக்கா, கவுந்துடுமா? லைஃப் ஜாக்கெட் எங்க?" என்று ஹரிப்ரியா அலறினாள்.

"பயப்பிடாதேங்கோ. விழுந்தாலும் இடுப்பளவு தண்ணிதான்."

உண்மையில் ஆழம் எவ்வளவென்று சிவமலருக்குத் தெரியாது.

ஹைக்கோ நீளக் கழியை எடுத்துக் கரையை உந்தப் போனார். சுக்கானைச் சிவமலர் கையில் திணித்தார். "இடப்பக்கம் தள்ளு!" தள்ளினார். அவ்வளவு பெரிய படகு அவர் கைக்குப் பணிந்து திரும்பியது. துறை வந்து சேரும்வரை சுக்கானை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்றிரவு வீட்டில், படகோட்டப் பழகப் போவதாகச் சொன்னதும், "ஐம்பது வயசில உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ?" என்றார் கணவர் முகுந்த்.

"ஓம். நாளைக்கு நீச்சல் பழகவும் போறன்."

குளிர்காலம் முழுக்க நீச்சலும் படகோட்டப் பயிற்சியும். முதல் தேர்வில் துறைமேடையில் மோதித் தோற்றார். இரண்டாவதில் தேறினார். இப்போது வார இறுதிகளில் அவர்தான் பாய் விரிக்கிறார்.

சென்ற மாதம் முகுந்தும் ஏறினார். பலகையை இறுகப் பிடித்திருந்தவரின் தொப்பியைக் காற்று பறித்து ஆற்றில் போட்டது.

"போனால் போகட்டும், விடு!"

"இருங்கோ, திருப்புறன்."

படகை அரைவட்டமடித்துத் தொப்பிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். முகுந்த் குனிந்து எடுத்து, ஈரத்தோடேயே தலையில் வைத்துக்கொண்டார்.