தொள்ளாயிரம் என்று எழுதிய கதவு

அவளை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டு எறும்புகள்கூட வளைந்து போகப் பயந்து நேர்கோட்டில்தான் போகும் என்பார் கணவர். எறும்பு விஷயத்தை நம்பாவிட்டால் போகட்டும். அவர் மாட்டிய கடிகாரம் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்ததற்கு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை என்பது சத்தியம்.

தொழில் அப்படி. கட்டட வரைபடங்கள் பிடிஎஃப் கோப்பாக வரும். பார்க்கலாம், அச்சடிக்கலாம், தொட்டுத் திருத்த முடியாது. கண்ணாடி அலமாரிப் பலகாரம். அதைக் கணினியில் திருத்தக்கூடிய ‘கேட்’ (CAD) வரைபடமாக மாற்றுவது அவள் வேலை. மென்பொருள் கோடுகளைப் பெயர்த்துக் கொடுத்துவிடும். எது எத்தனை நீளம் என்று அதற்குத் தெரியாது. அளவு எழுதிய ஒரு கோட்டைப் பிடித்து, “நீ இத்தனை நீளம்” என்று இவள் சொன்னால், மொத்தப் படமும் அதற்கேற்பப் பெருத்தோ சிறுத்தோ உட்காரும். பிறகு குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என இன்னும் இரண்டு அளவைச் சரிபார்ப்பாள். பதினோரு வருஷத்தில் இது தவறியதே இல்லை.

அன்று தவறியது. அவளுடைய நாத்தனார் இரும்புத் தகடு வெட்டும் பட்டறை வைத்திருந்தாள். முதல் பெரிய வேலையாக ஒரு மருத்துவமனைக்குப் படிக்கட்டு. அதற்கான தடித்த தகடு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கெட்டுப்போனால் அடுத்ததற்கு நாற்பது நாள் காத்திருக்க வேண்டும், வேலையும் கைவிட்டுப் போகும்.

“அண்ணி, படம் மாத்துறீங்களா, படத்துக்குப் பல் தேச்சு விடுறீங்களா? ஆளுங்க மெஷின் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க!”

“இதோ அனுப்பறேன், தாயே.”

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். இவள் நுழைத்தாள். படத்தில் ஒரு கதவின் மேல் அகலம் தொள்ளாயிரம் மில்லிமீட்டர் என்றிருந்தது. அதை மட்டும் நம்பிப் படத்தை உட்காரவைத்து அனுப்பிவிட்டாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அதே கட்டடத்தின் அடுத்த தாளை எடுத்தாள். அதே கதவு, அதே தொள்ளாயிரம்; அதை வைத்தே படத்தை உட்காரவைத்தாள். இந்த முறை பழக்கப்படி மாடி உயரத்தையும் அளந்தாள். மூவாயிரம் என்று எழுதியிருந்த கோடு இரண்டாயிரத்து எழுநூறுதான் வந்தது. மற்ற அளவுகளையும் பார்த்தாள். எல்லாம் பத்தில் ஒரு பங்கு குறைவு; கதவு மட்டும் சரி. அப்படியென்றால் கதவுதான் பொய். எந்தப் புண்ணியவானோ ஆயிரம் மில்லிமீட்டர் கதவைச் சின்னதாக்க நினைத்து, கோட்டைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்.

அந்தப் படிக்கட்டில் ஏறுகிறவர்கள் கடைசியில் ஒரு அடி எம்பிக் குதிக்க வேண்டும். அதுவும் நோயாளிகள்!

எட்டு முறை போன் செய்தாள்; யாரும் எடுக்கவில்லை. அந்தப் பட்டறை இரைச்சலில் இடிகூடக் கதவைத் தட்டி அனுமதி கேட்டுத்தான் விழ வேண்டும். கைப்பையைக்கூட எடுக்காமல், மூன்று தெரு தள்ளியிருந்த பட்டறைக்கு ஓடினாள். எதிரே வந்த சைக்கிள்காரர் அவளுக்கு ஒதுங்கப் போய்ச் சாக்கடையோரம் சாய்ந்தே விட்டார்.

பட்டறைக்குள் தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேரே போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். சத்தம் நின்றது.

“அண்ணி! பைத்தியமா உங்களுக்கு?”

“படம் தப்பு. தப்பு என்னோடது. எவ்வளவு வெட்டியாச்சு?”

நாத்தனார் முகம் வெளுத்துவிட்டது. மெஷின்காரர்தான் பதில் சொன்னார்: “முதல்ல ஓட்டைதாம்மா போடும், அப்புறம்தான் ஓரம். நாலு ஓட்டை விழுந்திருச்சு.”

“ஊருக்கெல்லாம் மில்லிமீட்டர் பாப்பீங்க,” என்றாள் நாத்தனார். குரல் உடைந்திருந்தது. “என் தகடுன்னதும் மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா?”

பட்டறைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். படத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்ததும் துண்டுகள் எல்லாம் பெருத்துவிட்டன. தகடு அதே தகடு. விழுந்துவிட்ட நாலு ஓட்டைகளும் துண்டுகளுக்கு இடையே கழிவில் போய்விழும்படி எல்லாவற்றையும் நகர்த்தினாள், திருப்பினாள், கவிழ்த்தாள். இரண்டு ஓட்டைகள் ஒதுங்கின. மூன்றாவதும் ஒதுங்கியது. நாலாவது படிக்கட்டின் பக்கத் தகட்டை விட்டு அசைய மறுத்தது. நாத்தனார் பின்னால் மூச்சுவிடும் சத்தம் கழுத்தில் பட்டது. இரண்டு பக்கத் தகடுகளையும் தலைமாற்றிப் படுக்கவைத்தாள். ஓட்டை வெளியே வந்தது. ஓரத்திலிருந்து நாலு மில்லிமீட்டர்.

“நாலு போதுமா?” என்று மெஷின்காரரைக் கேட்டாள்.

“போதும். மூணுன்னா கும்பிடு போட்டிருப்பேன்.”

அவர் பொத்தான்மேல் கை வைத்தார். நாத்தனார் அந்தக் கையைப் பிடித்தாள்.

“இருங்க. அண்ணி, அளவு சொல்லுங்க. ஒண்ணு பத்தாது.”

“உயரம் மூவாயிரம். அகலம் ஆயிரத்து இருநூறு. நடுமேடை ஆயிரத்து ஐநூறு.”

நாத்தனார் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரையோடு ஒத்துப்பார்த்தாள். பிறகுதான் கையை விட்டாள்.

பொறி பறந்தது. வெட்டுக்கோடு அந்த நாலாவது ஓட்டையை நெருங்கி, ஒட்டினாற்போல் கடந்து, அந்தப் பக்கம் போகும்வரை இரண்டு பேரும் ஒருவர் முழங்கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.