பங்காளிக் குருவிகள்

பங்களாவின் பின்கட்டில் துரை இருந்தார். கங்காணி இருந்தார். என் மனைவி இருந்தாள். நான் இருந்தேன். மேசைமேல் செத்த குருவிகள் இரண்டு.

இரண்டும் இலைக்குருவி. கட்டைவிரல் பருமன், முற்றிய தேயிலையின் மங்கல் பச்சை. மழை விட்டதும் மலைக்கு வரும். கோடையில் போய்விடும்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது குச்சி தெறித்து எனக்கு ஒரு கண் போயிற்று. அதன்பின் கங்காணி அரைப்பேர்தான் போட்டார். பாதி நாள் கூலி. மாதம் முடிந்தால் மலை இறங்கிவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கீழே எங்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. அதுவரைக்கும் துரையின் குருவிப் பையைத் தூக்கும் வேலை.

துரை குருவிகளைச் சுட்டுப் பஞ்சு அடைத்து வைப்பவர். இலைக்குருவியில் ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி கேட்டார். எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். 'சிலிப்' என்று வெட்டிக் கத்துவது பெண். 'திர்-டீ' என்று ஏற்றிக் கத்துவது ஆண். சோலை ஓரத்தில் காதால் பிடித்து மரத்தைக் காட்டினேன். சுட்டார்.

மேசையில் வைத்து வயிற்றைக் கீறிப் பார்த்தார். இரண்டும் பெண்.

கங்காணி என்னைப் பார்க்காமலே சொன்னார். "கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். காதும் போயிருச்சு போல."

பங்களாவுக்கு விறகு கொண்டுவந்திருந்த என் மனைவி சும்மா இருக்கவில்லை. "காது போகல ஐயா. புருசன் பொஞ்சாதி இல்லன்னா பங்காளியா இருக்கும். ஒரே மரத்துல இருந்தாலும் பேச்சு வேற."

கங்காணி சிரித்தார். துரை சிரிக்கவில்லை. அவள் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு இரண்டு குருவியின் அலகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். 'திர்-டீ' குருவிக்கு அலகு தடிமன், கீழ்ப்பக்கம் கருப்பு. மற்றதுக்கு மெலிசு, கீழே வெளுப்பு. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இது இரண்டு சாதிக் குருவி என்றார் துரை. கையில் இருந்தால் அலகைப் பார்க்கலாம், மரத்தில் இருந்தால் குரல்தான் என்றார். எது எத்தனை வந்திருக்கிறது என்று காலையில் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டுமாம். கங்காணி பக்கம் திரும்பினார்.

"இவனுக்கு முழுப்பேர் போடு."

மறுநாள் விடியலில் சோலை ஓரம் உட்கார்ந்தேன். இருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டேன். குரலுக்கு ஒரு தேயிலை விதை. 'சிலிப்' இடது பக்கம், 'திர்-டீ' வலது பக்கம். கேட்ட மரத்திலேயே மறுபடி கேட்டால் போடவில்லை. பனி விலகியதும் எண்ணினேன்.

இடது நாலு. வலது ஒன்பது. மொத்தம் பதின்மூன்று.